இருக்கிற குரலோடு ஆடிஷனுக்குப் போவது

அமெரிக்கப் பல்கலைக்கழக இசைப் பள்ளிகளில் குரலிசை முதுகலைக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகளுக்கு அக்டோபர் பிறந்தாலே பரபரப்புதான். பெரும்பாலான பள்ளிகளுக்கு டிசம்பர் 1 கடைசி நாள். அதற்குள் முதல்கட்ட வீடியோக்கள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். அதில் தேறியவர்களை மட்டும் ஜனவரியிலிருந்து மார்ச் தொடக்கத்துக்குள் ஏதாவதொரு வார இறுதியில் நேரில் வரச் சொல்வார்கள். இடம் கிடைத்தால், எந்தப் பள்ளி என்பதை ஏப்ரல் 15க்குள் முடிவு செய்ய வேண்டும். நான் குடியிருக்கும் ப்ளூமிங்டன் சின்ன ஊர். இண்டியானா பல்கலைக்கழகத்தின் ஜேக்கப்ஸ் இசைப் பள்ளி இங்கேதான் இருக்கிறது, சுமார் 1,600 மாணவர்களோடு. ஆடிஷன் நடக்கும் வார இறுதிகளில் காபிக் கடைக்குப் போனால், கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, வாயைத் திறந்து பேசாமல், சைகை காட்டியே வெந்நீர் வாங்கிப்போகிற பிள்ளைகளைப் பார்க்கலாம்.

பாடகர்களுக்குப் பியானோ வாசிப்பது என் தொழில். கச்சேரியில் பக்கவாத்தியக்காரர் செய்வதைத்தான் நான் இங்கே செய்கிறேன். ஆடிஷன் அறையில் பாடுபவருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதால், தேர்வுக்குழுவின் முகங்களை அவர் பார்க்கிற திசையிலிருந்தே நானும் பார்க்கிறேன். எந்த இடத்தில் பேனாவைக் கீழே வைக்கிறார்கள், எப்போது நிமிர்ந்து உட்காருகிறார்கள், எப்போது பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரிகிறது. பாடுபவருக்கு அந்தப் பதற்றத்தில் அதில் பாதிகூடக் கண்ணில் படாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. சென்னையில் இருக்கும் என் அக்கா மகள் இந்த வருடம் விண்ணப்பிக்கிறாள். சர்ச் பாடகர் குழுவில் வளர்ந்தவள். கிறிஸ்துமஸ் காலத்தில் ஹாண்டலின் மெசையாவிலிருந்து பாடுவார்களே, அங்கேதான் அவளுக்கு இந்த இசை பிடித்தது. பிறகு டிரினிட்டி தேர்வுகள், எட்டாவது கிரேடு வரை. வயது 22. கனமில்லாத, தெளிவான சொப்ரானோ, அதாவது உயர்ந்த பெண்குரல். பாடப்போகும் பாடல்களின் பட்டியல் என்று அவள் அனுப்பியதில் முதலில் இருந்தது புச்சினியின் டோஸ்கா ஓபராவிலிருந்து ஒரு பாட்டு.

"சித்தி, டோஸ்கா பாடினா அவங்க மறக்கவே மாட்டாங்கல்ல?"

"இப்ப வேண்டாம்மா. பத்து வருஷம் கழிச்சுப் பாடு."

"ஆனா எனக்கு வருதே சித்தி. மேல இருக்கிற சுரமெல்லாம் வருது."

"வருதுதான். ஆனா வர்றது வேற, தாங்குறது வேற."

அன்றைக்கு அவளுக்கு என் பதில் பிடிக்கவில்லை. அந்தப் பதிலுக்கான காரணங்களை விரிவாகச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். இதே ஆசையோடு இருக்கிற மற்ற பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் உதவும்.

தேர்வுக்குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் அந்தப் பள்ளியின் குரல் ஆசிரியர்களேதான். ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு மாணவர் குழு உண்டு. வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒவ்வொரு மாணவருக்கும் தனியாகச் சொல்லிக்கொடுப்பார்கள். ஆகவே ஓர் ஆசிரியரிடம் இந்த வருடம் எத்தனை பேர் படிப்பு முடித்துப் போகிறார்களோ அத்தனை இடம்தான் காலி. இன்னொரு பக்கம் பள்ளியின் ஓபரா மேடை. அடுத்த இரண்டு வருடங்களில் போடப்போகிற நாடகங்களுக்கு எந்தெந்தக் குரல்கள் வேண்டும் என்ற கணக்கு அங்கே ஓடும். சொப்ரானோக்கள் எல்லா ஊரிலும் வரிசையில் நிற்பார்கள். உயர்ந்த ஆண்குரலான டெனர் நல்லதாகக் கிடைப்பதுதான் அரிது. எனவே ஒரு பெண் அருமையாகப் பாடியும் இடம் கிடைக்காமல் போனால், அவள் பாட்டில் குறை இருந்தது என்று அர்த்தமில்லை. அந்த வருடம் அந்தக் குரலுக்கு அங்கே நாற்காலி இல்லை, அவ்வளவுதான்.

அந்தப் பத்து நிமிடத்தில் ஓர் ஆசிரியர் தனக்குள் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று: இந்தக் குரலோடு இரண்டு வருடம் வாராவாரம் என்னால் வேலை செய்ய முடியுமா? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டால் டோஸ்கா ஏன் வேண்டாம் என்பது விளங்கிவிடும். 22 வயதுக் குரல் தன்னைவிடப் பெரிய பாட்டைச் சுமக்கும்போது கேட்பவர் காதில் குரல் விழாது, சுமைதான் விழும். தாடை இறுகும், நாக்கின் அடிப்பகுதி பின்னால் போகும், அதிர்வு தள்ளாடும். இதையெல்லாம் கழற்றி எடுக்கவே முதல் வருடம் போய்விடும் என்று அனுபவமுள்ள ஆசிரியருக்கு இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும்.

கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். நம் மரபில் பாட்டு குரலைத் தேடி வரும். ஒருவர் ஒரு கட்டையில் பாடுவார், இன்னொருவர் ஐந்து கட்டையில் பாடுவார், கீர்த்தனை அதேதான். தம்புராவின் சுருதியை மாற்றிக்கொண்டால் முடிந்தது. மேற்கத்திய இசையிலும் தனிப்பாடல்களுக்கு இந்தச் சலுகை உண்டு. ஷூபர்ட், ஷூமன் பாடல்களெல்லாம் உயர்ந்த குரல், நடுக்குரல், தாழ்ந்த குரல் என்று தனித்தனிப் பதிப்புகளாகவே கிடைக்கும். ஆனால் ஆரியாவை, அதாவது ஓபராவில் ஒரு பாத்திரம் தனியாகப் பாடும் பாட்டை, அப்படி இறக்கிப் பாட ஆடிஷனில் இடமில்லை. மோட்சார்ட் எந்தச் சுருதியில் எழுதினாரோ அதில்தான் பாட வேண்டும், பின்னால் முழு ஆர்கெஸ்ட்ரா இருப்பதாக நினைத்துக்கொண்டு. பாட்டை மாற்ற முடியாது என்பதால் நமக்கு ஏற்ற பாட்டைத் தேர்ந்தெடுப்பது பாதி வித்தையாகிவிடுகிறது. குரலின் உயரம், கனம், நிறம், எந்தப் பகுதியில் நெடுநேரம் களைக்காமல் நிற்கும் என்பதையெல்லாம் பார்த்து இந்தப் பாத்திரம் இந்தக் குரலுக்கு என்று ஜெர்மன் ஓபரா அரங்குகள் வகுத்த ஒரு முறை இருக்கிறது. ஃபாக் என்பார்கள். அதில் டோஸ்கா ஒரு மூலையிலும் என் அக்கா மகளின் குரல் எதிர் மூலையிலும் இருக்கின்றன.

"எதிர் மூலை" என்றால் என்றைக்கும் அங்கேயே இருக்க வேண்டும் என்பதில்லை. குரல் நகரும், மெதுவாக. பெண்குரல்கள் பல இருபதுகளின் கடைசியிலும் முப்பதுகளிலும்தான் தங்கள் முழு அளவைக் காட்டுகின்றன; கனமான ஆண்குரல்களுக்கு இன்னும் தாமதமாகும். எங்கள் ஊர்ப் பள்ளியிலேயே 1962 முதல் பல்லாண்டுகள் சொல்லிக்கொடுத்த மார்கரெட் ஹார்ஷாவின் வாழ்க்கை இதற்குச் சாட்சி. 1942இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் சொப்ரானோவைவிடத் தாழ்ந்த பெண்குரலான மெஸ்ஸோவாக நுழைந்தவர். 1950 வாக்கில் சொப்ரானோவுக்கு மாறி வாக்னரின் மிகப் பெரிய பாத்திரங்களைப் பாடினார். அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தொட்டிருந்தது. 22 வயதில் அவர் வாக்னர் பாடிக்காட்டியிருந்தால் எந்த ஆசிரியருக்கும் பயம்தான் வந்திருக்கும். இப்படிப் படிப்படியாக நகர்வதற்கு அவகாசம் கொடுப்பதற்காகத்தான் இந்த முதுகலைப் படிப்பே இருக்கிறது என்பது என் எண்ணம்.

குரலுக்குள் நடக்கும் வேலை எவ்வளவு என்று தெரிந்தால் இந்தப் பொறுமை தானாகவே வரும். பியானோவின் நடுவில் இருக்கும் 'ஏ' சுரத்தைப் பாடும்போது குரல் நாண்கள் நொடிக்கு 440 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. சொப்ரானோவின் உச்ச 'சி'க்குப் போனால் ஆயிரத்தைத் தாண்டும். ஒரு பாட்டு முடிவதற்குள் எத்தனை ஆயிரம் மோதல் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதுவும் மைக் இல்லாமல். ப்ளூமிங்டனில் 1972இல் திறந்த மியூசிக்கல் ஆர்ட்ஸ் சென்டரில் 1,460 இருக்கைகள். மாணவர்கள் அங்கே ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டிக் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி வெறும் குரலில் பாடுகிறார்கள். எப்படி முடிகிறது என்பதை ஸ்வீடனைச் சேர்ந்த யோஹான் சுண்ட்பெர்க் என்ற ஆய்வாளர் 1970களில் விளக்கினார். ஆர்கெஸ்ட்ராவின் ஒலி ஆற்றல் சுமார் 500 ஹெர்ட்ஸ் அளவில் திரண்டிருக்கிறது. மேலே போகப் போகக் குறைந்துவிடுகிறது. பயிற்சி பெற்ற குரல், முக்கியமாக ஆண்குரல், 3,000 ஹெர்ட்ஸ் அருகே ஆற்றலைக் குவிக்கிறது. ஆர்கெஸ்ட்ரா அங்கே பலவீனமாக இருப்பதால் அந்த இடைவெளி வழியாகக் குரல் வெளியே வந்துவிடுகிறது. உயரப் பாடும் சொப்ரானோக்கள் வாயின் திறப்பை மாற்றி, அதிர்வைப் பாடும் சுரத்தோடு பொருத்திக்கொள்கிறார்கள்.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம், சிறிய ஆடிஷன் அறைக்குள் வந்து கத்திப் பாடுகிறவர்கள் அதிகம். குழுவில் இருப்பவர்கள் சத்தத்தைத் தேடவில்லை. மெதுவாகப் பாடும்போதும் அந்த மணியொலி குரலில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அது இருந்தால் அரங்கை நிரப்பும் வேலையைக் காலம் பார்த்துக்கொள்ளும்.

சரி, டோஸ்காவை எடுத்துவிட்டால் எதைப் பாடுவது? பள்ளிக்குப் பள்ளி விதி கொஞ்சம் மாறும். பொதுவாக இத்தாலியன், ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று நான்கு மொழிகளிலும் பாட வேண்டும். ஆரியாவும் இருக்க வேண்டும், தனிப்பாடலும் இருக்க வேண்டும். சில இடங்களில் மெசையா போன்ற ஒரடோரியோவிலிருந்து ஒன்று கேட்பார்கள். எல்லாம் மனப்பாடமாக. நாங்கள் இருவரும் பேசிப் பேசி முடிவு செய்தது இது: மோட்சார்ட்டின் ஃபிகாரோவில் நான்காவது அங்கத்தில் சுசானா பாடும் ஆரியா, ஃபோரேயின் ஒரு பிரெஞ்சுப் பாடல், ஷூபர்ட் ஒன்று, சாமுவேல் பார்பரின் ஆங்கிலப் பாடல் ஒன்று, பிறகு அவள் சின்ன வயதிலிருந்தே கேட்ட மெசையாவின் வேகமான சொப்ரானோ ஆரியா.

சுசானாவின் அந்த ஆரியாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். 1786இல் வந்த ஓபரா. ஆரியாவில் ஆர்ப்பாட்டம் எதுவும் கிடையாது. இரவு, தோட்டம், காத்திருக்கும் ஒரு பெண். ஸ்கோரைப் புரட்டினால் இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அதில் ஒளிந்துகொள்ள ஓரிடம்கூட இல்லை. நீண்ட வரிகளை ஒரே மூச்சில் கொண்டுபோக வேண்டும், கீழ்ச்சுரத்திலும் குரல் வற்றக்கூடாது, ஒரு சொல்லிலிருந்து அடுத்த சொல்லுக்கு ஒலி அறுபடக்கூடாது. இதை நிதானமாக, பதறாமல் பாடுகிற ஒரு பெண்ணின் மூச்சு, சுருதி, மொழி, ரசனை எல்லாம் மூன்று நிமிடத்தில் வெளியே தெரிந்துவிடும். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் குழுவினர் கேட்க ஆரம்பிப்பதை நான் அதிகம் பார்த்தது இந்த மாதிரிப் பாட்டுகளில்தான். மோட்சார்ட்டின் மந்திரப் புல்லாங்குழலில் பமினா இரண்டாம் அங்கத்தில் பாடும் ஆரியாவும் இதே ரகம். அது இன்னும் கொடுமையாக ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் அவளுடைய பட்டியலில் இந்த வருடம் சேர்க்கவில்லை.

மொழி விஷயத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. அதை அவர்களே உணர்வதில்லை. இத்தாலிய மொழியில் இரட்டை மெய்யை அழுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டும். அமெரிக்க மாணவர்கள் இதற்கு மாதக்கணக்கில் பாடுபடுகிறார்கள். 'பத்து', 'பாட்டு', 'அப்பா' என்று சொல்லி வளர்ந்த நாக்குக்கு அது பழகின வேலை. இத்தாலியத் 'த'வும் பல்லில்தான் படுகிறது, காற்று வெடிக்காமல். குறில் நெடில் பிரித்துச் சொல்லும் பழக்கம் ஜெர்மனுக்கு உதவும். சிரமம் வருவது உதடு குவித்துச் சொல்லும் ஜெர்மன் உயிர்களிலும் பிரெஞ்சு மூக்கொலிகளிலும்தான். அதற்குக் குறுக்குவழி இல்லை. பன்னாட்டு ஒலிக்குறிகளை ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே பென்சிலால் எழுதிப் பழக வேண்டும். அத்தோடு ஒவ்வொரு சொல்லின் பொருளும் தெரிந்திருக்க வேண்டும். பொருள் தெரியாமல் பாடினால் எனக்கே பியானோவில் உட்கார்ந்தபடி தெரிகிறது. வரியில் எந்தச் சொல்லுக்குக் கனம் என்பது இடம் மாறிவிடும்.

இப்போது என் தொழில் சார்ந்த சில வேண்டுகோள்கள். சொந்தமாகப் பியானோ வாசிப்பவரைக் கூட்டிவர முடியாவிட்டால் பள்ளியே ஒருவரை ஏற்பாடு செய்யும். அவர் உங்களை முதன்முதலாகப் பார்ப்பதே அறைக்குள் நுழைய ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான். பத்துப் பேருக்கு வாசித்துவிட்டு வந்திருப்பார். அவருக்கு நீங்கள் கொடுக்கிற ஸ்கோர்தான் உங்களைப் பற்றி அவருக்குத் தெரிந்த எல்லாமும். இரு பக்கமும் நகலெடுத்து, வளையக் கோப்பில் போட்டு, பக்கம் தானாகத் திரும்பி விழும்படி கொடுங்கள். பளபளக்கும் பிளாஸ்டிக் உறை வேண்டாம், விளக்கு வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. நகலெடுக்கும்போது பக்கத்தின் அடியில் இடது கைக்கான வரி வெட்டுப்பட்டுப் போகிறது, இது எப்போதும் நடக்கிறது, கவனியுங்கள். எங்கே மூச்சு எடுக்கிறீர்கள், எங்கே வெட்டித் தாண்டுகிறீர்கள் என்று தெளிவாகக் குறியுங்கள். வேகத்தைச் சொல்ல விரலைச் சொடுக்காதீர்கள். முதல் இரண்டு வரியை அவர் காதருகே மெதுவாகப் பாடிக்காட்டுங்கள், அதிலேயே எல்லாம் கிடைத்துவிடும்.

பாடல் தேர்விலும் எங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ராவின்ஸ்கியின் தி ரேக்ஸ் புரோக்ரஸில் ஆன் பாடும் ஆரியா அற்புதமானது. ஆனால் முன்பின் தெரியாத ஒருவரிடம் அதை நீட்டி உடனே வாசிக்கச் சொன்னால் இருவருக்கும் ஆபத்து. ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் அரியட்னேவில் செர்பினெட்டா பாடுவதோ பத்து நிமிடத்துக்கும் மேல் போகும்; உங்களுக்குக் கொடுத்த நேரம் முழுவதும் அதிலேயே தீர்ந்துவிடும்.

உள்ளே போனால் முதல் பாட்டு உங்கள் விருப்பம். இரண்டாவது அவர்கள் விருப்பம். முதல் பாட்டாக எதை வைப்பது என்று பலர் குழம்புகிறார்கள். ஜுரம் விட்டு எழுந்த நாளிலும், காலை ஒன்பது மணிக்கும், முன்தின இரவு விமானத்தில் தூங்காமல் வந்திருந்தாலும் எந்தப் பாட்டை உங்களால் நன்றாகப் பாட முடியுமோ அதைத்தான். இரண்டாவதாக அவர்கள் கேட்பது பெரும்பாலும் முதலுக்கு நேர்மாறான ஒன்றாக இருக்கும். மெதுவானதைப் பாடியிருந்தால் வேகமானதைக் கேட்பார்கள், இத்தாலியன் பாடியிருந்தால் ஜெர்மன். "அதைக் கேட்டுவிடுவார்களோ" என்று பயந்துகொண்டே பட்டியலில் வைத்திருக்கும் பாட்டு ஒன்று இருந்தால், இன்றே எடுத்துவிடுங்கள். அவர்கள் உங்களைப் பாதியில் நிறுத்தினால் மனம் தளர வேண்டியதில்லை. தெரிந்துகொள்ள வேண்டியது தெரிந்துவிட்டது, அடுத்ததைக் கேட்க நேரம் வேண்டும், அதற்காகத்தான் நிறுத்துகிறார்கள்.

சில நேரம் குழுவில் ஒருவர் எழுந்து, "இந்த வரியை இன்னொரு தடவை பாடுங்கள், மூச்சை அவசரமாக வெளியே தள்ளாமல்" என்பது போல ஏதாவது சொல்வார். இதைவிட நல்ல அறிகுறி அந்த அறையில் வேறில்லை. அவர் குறை சொல்லவில்லை; தன் வகுப்பில் நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்று பார்க்கிறார். முதல் தடவை பாடியதுபோலவே மறுபடி அழகாகப் பாடிவிட்டால் பயனில்லை. கொஞ்சம் தடுமாறினாலும் பரவாயில்லை, அவர் சொன்னதை முயன்று பார்க்க வேண்டும். அந்த முயற்சியில் குரல் ஒரு நூலிழை மாறினால் போதும். ஆசிரியர் முகத்தில் ஒரு மலர்ச்சி வரும். இந்த வேலையில் எனக்குக் கிடைக்கிற பெரிய சந்தோஷம் அதைப் பார்ப்பது.

இதையெல்லாம் யோசித்தால், பள்ளியின் பெயருக்கு முன்னால் ஆசிரியரின் பெயரைத் தேட வேண்டும் என்பது தெளிவாகும். புகழ்பெற்ற சொப்ரானோ ஜெஸ்ஸி நார்மன் பதினாறு வயதில் ஃபிலடெல்ஃபியாவில் பாடகி மரியன் ஆண்டர்சன் பெயரால் நடந்த போட்டியில் பாடினார். பரிசு கிடைக்கவில்லை. அதே பயணத்தில் வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் கரோலின் கிராண்ட் என்ற ஆசிரியரின் முன்னால் பாடினார். அது முழு உதவித்தொகையில் போய் முடிந்தது. பிறகு 1968இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முதுகலை. அதே மிச்சிகனில் இளங்கலையும் முதுகலையும் படித்தவர்தான் டெனர் ஷான் பணிக்கர், இலங்கை வேர்கள் கொண்ட குடும்பத்தில் அமெரிக்காவில் பிறந்தவர். 2008இல் மெட்ரோபாலிட்டனில் முதன்முதலாகப் பாடினார். இண்டியானாவில் முதுகலை முடித்த டெனர் லாரன்ஸ் ப்ரௌன்லீ 2001இல் மெட்ரோபாலிட்டன் நடத்தும் தேசியப் போட்டியில் வென்றார். மூவருமே பல்கலைக்கழகப் பள்ளிகளில் உருவானவர்கள். ஜூலியார்ட், கர்ட்டிஸ் போன்ற தனி இசைக் கல்லூரிகளுக்கு வெளியே பாதையே இல்லை என்று நம் பெற்றோர்கள் நினைப்பதால் சொல்கிறேன்.

ஆசிரியரை எப்படித் தேடுவது? செப்டம்பர், அக்டோபரில் நேரடியாக மின்னஞ்சல் எழுதி ஒரு மாதிரி வகுப்பு கேட்கலாம். இது இங்கே வழக்கம்தான், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். கட்டணம் உண்டா என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து என்றால் காணொளி வழியாகச் செய்யலாம். ஒலி சரியாகப் போகாது என்றாலும், அவர் எப்படிப் பேசுகிறார், எதைத் திருத்துகிறார், சொன்னது உங்கள் உடம்புக்குப் புரிகிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். வகுப்பு முடிந்ததும் தொண்டை களைத்திருந்தால் அவர் எவ்வளவு பிரபலமாக இருந்தாலும் வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

சென்னையில் வீடியோ எடுப்பது தனிப் போராட்டம். ஒவ்வொரு பாட்டும் ஒரே ஓட்டமாக, வெட்டாமல் ஒட்டாமல் இருக்க வேண்டும். எதிரொலி சேர்க்கக்கூடாது, சுருதி திருத்தும் மென்பொருள் கூடவே கூடாது. முகமும் கைகளும் தெரிய நின்று பாட வேண்டும். நம் ஊர் ஈரத்தில் பியானோக்கள் சுருதி விலகிக் கிடக்கும். எடுப்பதற்கு முந்தின நாள் ட்யூனரை வரவழைத்து 440க்குச் சரி செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்தினால் வியர்க்கும், ஓடவிட்டால் மைக்கில் விழும். அதனால் விடியற்காலையில் எடுப்பது நல்லது, காக்கைகள் எழுவதற்கு முன்னால். கைப்பேசியின் மைக் உச்ச சுரங்களை நசுக்கிவிடும். தனி மைக்கை எட்டுப் பத்து அடி தள்ளி வையுங்கள். பாடலுக்கு இரண்டு மூன்று ஓட்டம் எடுத்து நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் குரல் இறங்கத்தான் செய்யும்.

நேரில் வருகிறவர்கள் இரண்டு மூன்று நாள் முன்னதாக வாருங்கள். பத்தரை மணி நேர வித்தியாசம் இருக்கிறது. வெளியே பனி, உள்ளே ஹீட்டர் காற்று. சென்னைக் காற்றில் வளர்ந்த தொண்டை ஒரே இரவில் வறண்டுவிடும். ஹோட்டல் அறையில் ஈரப்பதமூட்டி கேட்டால் சில இடங்களில் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவி பிடியுங்கள். ஜலதோஷம் வந்துவிட்டால் முன்கூட்டியே எழுதி நாள் மாற்றிக் கேளுங்கள். உடம்பு சரியில்லை என்று பாடுவதற்கு முன்னால் குழுவிடம் விளக்கம் சொல்வது மட்டும் வேண்டாம். சொல்லாமல் இருந்திருந்தால் கவனித்திருக்கவே மாட்டார்கள், சொன்ன பிறகு அதை மட்டுமே தேடிக் கேட்பார்கள்.

கடைசியாகப் பணம். தனியார் இசைப் பள்ளிகளில் ஆண்டுக் கட்டணம் மட்டும் 50,000 டாலரைத் தாண்டும், சாப்பாடும் வாடகையும் வேறு. ஃபிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸில் 1928 முதல் கல்விக் கட்டணமே கிடையாது. யேல் இசைப் பள்ளியிலும் 2005இல் கிடைத்த 10 கோடி டாலர் நன்கொடைக்குப் பிறகு கட்டணம் இல்லை. ஆனால் இரண்டு இடங்களிலும் குரலிசைக்கு எடுப்பது விரல் விட்டு எண்ணக்கூடியவர்களைத்தான். பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களில் உதவியாளர் பணி கிடைத்தால், இளங்கலை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கோ ஓபரா அலுவலக வேலைக்கோ பதிலாகக் கட்டணத்தில் பெரும்பகுதியைத் தள்ளி, மாதாமாதம் ஒரு தொகையும் தருவார்கள். இடம் கிடைத்த கடிதத்தில் எழுதியிருக்கும் தொகையே இறுதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மரியாதையாகக் கேட்டால் கூட்டித் தருவது உண்டு, அதுவும் ஏப்ரல் நெருங்க நெருங்க. கேட்பதற்கு முன் அங்கே இப்போது படிக்கிற இரண்டு மூன்று மாணவர்களிடம் பேசுங்கள்: முதுகலை மாணவர்களுக்கு ஓபராவில் பாத்திரம் கிடைக்கிறதா, அல்லது முனைவர் பட்ட மாணவர்களே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறார்களா? ஆசிரியர் வெளியூர்க் கச்சேரிகளுக்குப் போய்விட்டால் வகுப்பு என்ன ஆகிறது? குரல் களைத்திருக்கும் வாரத்தில் அவர் என்ன செய்யச் சொல்கிறார்?

என் அக்கா போன வாரம் கூப்பிட்டு, வீட்டை அடகு வைத்தாவது அனுப்பிவிடலாமா என்று கேட்டாள். வேண்டாம் அக்கா என்று சொன்னேன். முழுக் கட்டணத்தையும் கடனாக வாங்கி வந்த பாடகர்கள், படிப்பு முடிந்ததும் கடனைக் கட்ட வேறு வேலைக்குப் போய், குரல் மலர வேண்டிய வயதில் பாடுவதையே விட்டுவிட்டதைப் பார்த்திருக்கிறேன். இந்த வருடம் உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் வரட்டும். கிடைக்காவிட்டால் அங்கேயே ஒரு வருடம் ஜெர்மன் படிக்கட்டும், பியானோ பழகட்டும், ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் பாடட்டும், அடுத்த டிசம்பரில் மறுபடி விண்ணப்பிக்கட்டும். அப்போது 23 வயதாகியிருக்கும். பமினாவையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.